சிஎன்சி லேத்துல இன்சர்ட்டு ஏன் சீக்கிரம் போகுது? புதுசா வர்றவங்க எதை முதல்ல பார்க்கணும், எதை கடைசில பார்க்கணும்

இது காலேஜ் பாடம் இல்ல. கோயமுத்தூர் பக்கம் ஒரு மெஷின், ரெண்டு மெஷின் போட்டு பம்பு சாஃப்ட், இம்பெல்லர், ஃபிளான்ஜ்னு ஜாப் ஒர்க் எடுத்து ஓட்டுறவங்களுக்கும், புதுசா செட்டரா சேர்ந்தவங்களுக்கும் எழுதுறேன். மாசக் கடைசில டூல் கடை பில்லு வரும்போதுதான் இன்சர்ட்டுன்னு ஒண்ணு, அதாவது டூல் ஹோல்டர் நுனில மாட்டுற சின்ன கார்பைடு வெட்டுத் துண்டு, இருக்கிறதே எல்லாருக்கும் ஞாபகம் வரும். கடைக்காரர்கிட்ட கேட்டா அதைவிட விலை கூடுன இன்னொரு டப்பாவ எடுத்து நீட்டுவாரு, ஆப்பரேட்டர்கிட்ட கேட்டா மெட்டீரியல் சரியில்லம்பாரு, மெட்டீரியல் குடுத்தவங்ககிட்ட கேட்டா உங்க டூலு சரியில்லம்பாங்க. நானும் இந்த மூணு பேருக்கு நடுவுல ரொம்ப நாள் சுத்துனவன்தான், அதனால எந்த வரிசைல பார்த்தா காசும் நேரமும் மிச்சமாகும்ங்கிறத மட்டும் சொல்றேன். டர்னிங் பத்திதான் பேச்சு, மில்லிங்க போற போக்குல ஒரு இடத்துல தொட்டுக்கிறேன்.

1. முதல்ல கையில இருக்க வேண்டிய பேப்பரும் சாமானும்

மெட்டீரியல் டெஸ்ட் சர்ட்டிபிகேட், அதாவது எம்டிசி. கஸ்டமரே மெட்டீரியல் அனுப்புனா டெலிவரி சலானோட இதோட காப்பியும் கேளுங்க, கூச்சப்படாதீங்க. அதுல கிரேடு, ஹீட் நம்பர் (எந்த உருக்குல வந்த மெட்டீரியல்ங்கிற நம்பர்), ஹார்ட்னெஸ் இந்த மூணையும் பார்த்தா போதும். ஹீட் நம்பர் ராடு முனையில அடிச்சிருக்கிறதோட ஒத்துப்போகணும், போகலன்னா அந்த எம்டிசி வேற ஏதோ ராடுக்கு உண்டானது, தூக்கி ஓரமா வைங்க. வெறுமனே "இஎன்24"னு ஸ்டீல் கிரேடை மட்டும் சொன்னா பத்தாது, அனீல் பண்ணதா (சூடு காட்டி மென்மையாக்குனது), டி கண்டிஷனா (இறுக்கி டெம்பர் பண்ணது)ன்னு கேட்டே ஆகணும். டி கண்டிஷன்னா ஹார்ட்னெஸ் 248-லிருந்து 302 பிரினெல் வரைக்கும் இருக்கும், அனீல் பண்ணதுக்கு வச்ச ஸ்பீடை அதுலயும் வச்சா இன்சர்ட்டு மூக்கு, அதாவது உருண்ட நுனி, அமுங்கிடும்.

கிரேடுல சந்தேகம்னா ஒரு துண்டு அறுத்து, என்னென்ன கலந்திருக்குன்னு சொல்ற ஸ்பெக்ட்ரோ டெஸ்ட்டுக்கு குடுங்க. நம்ம ஊர்ல லேபுக்கு பஞ்சம் இல்ல, சில நூறு ரூபாய்ல முடியிற வேலை, பெரும்பாலும் மறுநாளே ரிப்போர்ட் வந்துடும். இதுல ஒரு பொறி இருக்கு: மெட்டீரியல் ஹார்டா இருக்குன்னு புகார் சொல்றதா இருந்தா முதல் பீஸ் ஓட்டுன அன்னைக்கே சலான் காப்பில எழுதி கையெழுத்து வாங்கிடுங்க. பாதி லாட்டை முடிச்சிட்டு போய் சொன்னா யாரும் ஒத்துக்க மாட்டாங்க.

அடுத்து இன்சர்ட்டு டப்பா. அதுல கிரேடு, சிப் பிரேக்கர் (வெட்டுல வர்ற சுருளை, அதாவது சிப்பை, உடைக்கிற பள்ளம்) பேரு, எந்த மெட்டீரியலுக்கு எவ்ளோ ஸ்பீடு, ஃபீடு (ஒரு சுத்துக்கு டூல் நகர்ற தூரம்), ஆழம்னு எல்லாம் போட்டிருக்கும், பேட்ச் நம்பரும் இருக்கும். பாதி பட்டறைல டப்பாவ குப்பைல போட்டுட்டு எல்லா இன்சர்ட்டையும் ஒரே தட்டுல கொட்டி வச்சிருப்பாங்க, அதுல கருப்பா இருக்கிறது எல்லாம் ஒண்ணுன்னு நினைச்சு ஸ்டீலுக்கு காஸ்ட் அயர்ன் கிரேடை மாட்டிட்டு "கம்பெனி சரியில்ல"ன்னு திட்டுவாங்க.

மூணாவது நீங்களே போட வேண்டிய கார்டு. அரைப் பக்க பேப்பர் போதும்: தேதி, ஜாப், ஹீட் நம்பர், இன்சர்ட்டு கிரேடு, ஸ்பீடு, ஃபீடு, ஆழம், ஒரு முனைக்கு (இன்சர்ட்டோட ஒரு வெட்டு மூலைக்கு) எத்தனை பீஸ், எப்படி போச்சு. கடைசிக் கட்டம்தான் ரொம்ப முக்கியம், அதைத்தான் யாரும் எழுத மாட்டாங்க.

சாமான்னு பார்த்தா, 10 மடங்கு பெருக்கிக் காட்டுற ஒரு லூப் கண்ணாடி, கூலண்ட் (வெட்டுற இடத்துல ஊத்துற ஆயில் கலந்த தண்ணி) செறிவு பார்க்க கையடக்க ரிஃப்ராக்டோமீட்டர், இன்சர்ட்டு ஸ்க்ரூவுக்கு சரியான சைஸ் டார்க்ஸ் சாவி, ஒரு டயல் இண்டிகேட்டர். லூப் சில நூறு ரூபாய்தான், ரிஃப்ராக்டோமீட்டர் ரெண்டாயிரம் ரூபாய் ரேஞ்சுல கிடைக்கும், டயல் எப்படியும் இருக்கும். மொத்தமா சேர்த்தாலும் ஒரு டப்பா நல்ல இன்சர்ட்டு விலைக்குள்ள அடங்கிடும்.

2. தேஞ்ச முனைய பாருங்க, பார்க்காம எதையும் மாத்தாதீங்க

இந்த ஒரு வேலைய ஒழுங்கா செஞ்சா மத்ததுல பாதி தேவையே படாது, அதனால இதுல கொஞ்சம் நேரம் எடுத்துக்கிறேன்.

இன்சர்ட்டை கழட்டி, மண்ணெண்ணெய் தொட்ட துணியால துடைச்சிட்டு, ஷட்டர் பக்கம் வெளிச்சத்துக்கு எடுத்துட்டு போய் லூப்ல பாருங்க. லைட்டுக்கு கீழ நேரா பிடிச்சா ஒண்ணும் தெரியாது, கொஞ்சம் சாய்ச்சு சாய்ச்சு திருப்பணும். நாலு இடத்தை பார்க்கணும்: ஜாப்பை உரசுற பக்கவாட்டு முகம், சிப்பு வழுக்கிட்டு போற மேல் முகம், மூக்கு, அப்புறம் வெட்டு ஆழம் எங்க முடியுதோ அந்தக் கோடு.

பக்கவாட்டு முகத்துல விளிம்பை ஒட்டி ஒரே சீரா பளபளன்னு ஒரு பட்டை தெரிஞ்சா சந்தோஷப்படுங்க, அது நியாயமான சாவு, ஃபிளாங்க் வேர்ங்கிறது அதுதான். அந்தப் பட்டை சராசரியா 0.3 மி.மீ. அகலம் வந்தா முனை முடிஞ்சதுன்னு கணக்கு. சீராத்தான் தேயுது ஆனா சீக்கிரம் தேயுதுன்னா ஸ்பீடு அதிகம், இல்லன்னா கிரேடு அந்த மெட்டீரியலுக்கு மென்மை.

மேல் முகத்துல விளிம்புக்கு கொஞ்சம் உள்ள தள்ளி குழி விழுந்திருந்தா அது கிரேட்டர், சூடு அதிகமாகி சிப்பு கார்பைடையே அரிச்சிட்டு போகுது. ஸ்பீடை குறைங்க. குழி பெருசாகி விளிம்பை தொட்டுச்சுன்னா முனை ஒரே அடியா உடையும்.

மூக்கு கொஞ்சம் கீழ அமுங்கின மாதிரி தெரிஞ்சா சூடும் அழுத்தமும் சேர்ந்து கார்பைடை இளக்கிடுச்சுன்னு அர்த்தம். இதுக்கு வெளிய ஒரு அடையாளம் இருக்கு, ஜாப் டயா கொஞ்சம் கொஞ்சமா ஏறாம திடீர்னு ஏறும், ஆப்பரேட்டர் வேர் ஆஃப்செட்டை (தேய்மானத்துக்கு அளவு திருத்துற நம்பர்) குறைச்சுகிட்டே இருப்பாரு. ஸ்பீடு, ஃபீடு ரெண்டையும் பாருங்க, இல்ல கெட்டியான கிரேடுக்கு போங்க.

விளிம்புல வெள்ளி மாதிரி மெட்டல் ஒட்டிகிட்டு இருந்தா அது பில்ட் அப் எட்ஜ். எஸ்எஸ் 304, சாதா எம்எஸ், அலுமினியம், இதுலதான் அதிகம். ஒட்டுனது பிஞ்சு போகும்போது கோட்டிங்கையும் பிச்சிட்டு போகும், ஜாப் மேல ஃபினிஷ் கிழிஞ்ச மாதிரி வரும். இங்கதான் புதுசா வர்றவங்க எல்லாரும் விழுற பள்ளம்: இன்சர்ட்டு போகுதுன்னதும் ஸ்பீடை குறைப்பாங்க, குறைக்க குறைக்க இன்னும் ஒட்டும். இதுக்கு ஸ்பீடை ஏத்தணும், விளிம்பு கூர்மையா இருக்கிற பிவிடி கோட்டிங் இன்சர்ட்டு போடணும், கூலண்ட் செறிவா இருக்கணும்.

மத்த இடம் எல்லாம் நல்லா இருந்து வெட்டு ஆழம் முடியிற கோட்டுல மட்டும் ஒரு வெட்டு விழுந்திருந்தா அது நாட்ச். எஸ்எஸ்ல முந்தின பாஸ்ல மேல் தோல் இறுகிடும், அடுத்த பாஸ்ல அதே இறுகின தோல் இன்சர்ட்டோட அதே இடத்துல உரசிட்டே இருக்கும். ஒவ்வொரு பாஸுக்கும் ஆழத்தை மாத்துங்க, 2 மி.மீ., 2 மி.மீ.ன்னு போடாம 2.2, 1.8, 1.5-ன்னு போனா அடி ஒரே இடத்துல விழாது. புரோகிராம்ல நாலு நம்பர் மாத்துற வேலை, செலவே இல்லாம ஆயுள் கூடுற சில விஷயங்கள்ல இது ஒண்ணு.

விளிம்புல பொடிப்பொடியா ரம்பப்பல் மாதிரி உதிர்ந்திருந்தா அது சிப்பிங். ஸ்பீடுக்கும் இதுக்கும் பெரும்பாலும் சம்பந்தம் இல்ல, எங்கயோ ஆட்டம் இருக்கு, இல்ல விட்டு விட்டு வெட்டுற ஜாபுக்கு கெட்டியான ஆனா முறியிற கிரேடு போட்டிருக்கீங்க. மில்லிங்ல விளிம்புக்கு குறுக்கா சீப்பு மாதிரி விரிசல் தெரிஞ்சா அது சூடாகி குளிர்ந்து சூடாகி குளிர்ந்து வந்தது, கூலண்டை சொட்டு சொட்டா விடறதுதான் காரணம், ஸ்டீல்ல அதை மொத்தமா நிறுத்திட்டு ஓட்டுனாலே பல நேரம் சரியாகிடும்.

முழுசா உடைஞ்ச இன்சர்ட்டை பார்த்து ஒண்ணும் தெரிஞ்சிக்க முடியாது, காரணமும் சேர்ந்தே உடைஞ்சு போயிருக்கும். 40 பீஸ்ல உடையுதுன்னா அடுத்த முனைய 20-வது பீஸ்ல கழட்டி பாருங்க.

3. ஸ்பீடை தொடுறதுக்கு முன்னாடி ஆட்டம் எங்கன்னு பாருங்க

இன்சர்ட்டுக்கு கீழ இருக்கிற ஷிம்மை கழட்டி பாருங்க. அது உடைஞ்சோ ஒரு மூலை நசுங்கியோ இருந்தா மேல 500 ரூபாய் இன்சர்ட்டு போட்டாலும் அது பாதி காத்துல நிக்குது. இன்சர்ட்டு மாத்தும்போது சீட்டை துடைக்கணும், ஒரு சின்ன சிப்புத் தூள் உள்ள மாட்டுனா கூட இறுக்கும்போதே விரிசல் விடும். ஸ்க்ரூவ சாவில பைப் போட்டு இறுக்குறவங்கள பார்த்திருக்கேன், தயவுசெஞ்சு வேண்டாம். சாவி முனை உருண்டு போயிருந்தா சாவிய மாத்துங்க, ஸ்க்ரூவும் ஆயுசுக்கு வர்ற பொருள் இல்ல, அதையும் அப்பப்ப மாத்தணும்.

துளைக்கு உள்ள வெட்டுற போரிங் பார் வெளிய எவ்ளோ நீட்டிருக்குன்னு ஸ்கேல் வச்சு அளங்க. ஸ்டீல் பார்னா டயாவைப் போல 4 மடங்குக்கு மேல நீட்டாதீங்க, கார்பைடு பார்னா 6 மடங்கு வரைக்கும் போகலாம். 20 மி.மீ. ஸ்டீல் பார்னா 80 மி.மீ., அவ்ளோதான். நீட்டத்தை ரெண்டு மடங்காக்குனா வளைவு 8 மடங்காகும், அதனால 10 மி.மீ. உள்ள தள்ளி கட்டுனா கூட சத்தத்துல வித்தியாசம் தெரியும். "அடுத்த ஜாபுக்கு நீட்டமா தேவைப்படும், அப்படியே இருக்கட்டும்"னு செட்டர் விட்டுட்டு போறதுதான் முக்காவாசி அலறலுக்கு காரணம்.

சென்டர் ஹைட், அதாவது டூல் முனை ஜாப் மையத்தோட ஒரே உயரத்துல இருக்கிறது, பார்ட்டிங்ல (ஜாபை அறுத்து தனியா எடுக்கிறதுல) ரொம்ப முக்கியம், வித்தியாசம் 0.1 மி.மீ.க்குள்ள இருக்கணும். பார்ட்டிங்ல நடு மையத்தை நெருங்கும்போது ஃபீடை நல்லா குறைச்சிடுங்க, அங்க கட்டிங் ஸ்பீடு பூஜ்ஜியத்துக்கு போகும், முனை வெட்டாது, அமுக்கும். ஜாப் ஒல்லியான நீள சாஃப்ட்டா இருந்தா, மறுமுனைய தாங்குற டெயில்ஸ்டாக் இல்லாம ஓட்டாதீங்க. சக்குல இருக்கிற சாஃப்ட் ஜாவ (வெட்டி அளவாக்குற மென்மையான பிடி) அந்த டயாவுக்கு போர் பண்ணிட்டு ஜாபை மாட்டுங்க, மூணு புள்ளில மட்டும் பிடிச்ச ஜாப் ஆடத்தான் செய்யும்.

4. மெட்டீரியல் மேல பழி போடறதுக்கு முன்னாடி அதோட தோலை பாருங்க

நம்ம ஊரு ஜாப்ல பாதி காஸ்டிங்தான். எஃப்ஜி 200, எஃப்ஜி 260-ன்னு பேரு என்னவா இருந்தாலும் மேல் தோல்ல மணல் ஒட்டியிருக்கும், மெல்லிசான ஓரம் சீக்கிரம் குளிர்ந்து வெள்ளை இரும்பாகி கண்ணாடி மாதிரி இறுகியிருக்கும். ஃபைல் வச்சு அந்த ஓரத்தை ஒரு இழு இழுங்க, ஃபைல் பிடிக்காம வழுக்குச்சுன்னா அது சில், அதாவது சீக்கிரம் குளிர்ந்து இறுகிப்போன காஸ்டிங். அதுக்கு எந்த இன்சர்ட்டும் பதில் இல்ல, ஃபவுண்டரிக்கு திருப்பி அனுப்பணும், இல்ல அனீல் பண்ணச் சொல்லணும்.

மணல் தோலுக்கு வழி ஒண்ணுதான், முதல் பாஸை ஆழமா போட்டு தோலுக்கு அடியில நுழைஞ்சு போகணும். பயந்துகிட்டு 0.5 மி.மீ. எடுத்தா முனை முழுக்க மணல்லயே உரசிட்டு இருக்கும். 2 மி.மீ., 2.5 மி.மீ. எடுத்தா மூக்கு சுத்தமான இரும்புல வெட்டும், தோல் மேல் பக்கம் மட்டும்தான் படும். காஸ்டிங் கோணலா இருந்தா ஒரு பக்கம் 3 மி.மீ.யும் ஒரு பக்கம் காத்துமா வரும், அதுக்கு ஸ்பீடு கொஞ்சம் குறைச்சு அடி தாங்குற கிரேடா போடுங்க. ஃபவுண்டரிக்காரங்ககிட்ட ஷாட் பிளாஸ்டிங் பண்ணி அனுப்புங்கன்னு கேட்டு வாங்குங்க, கிலோவுக்கு கொஞ்சம் கூட கேட்டாலும் இன்சர்ட்டு பில்லோட ஒப்பிட்டா லாபம்தான்.

5. டப்பால இருக்கிற நம்பரை படிக்க கத்துக்கோங்க

சிஎன்எம்ஜி 120408-ன்னா, முதல் எழுத்து 80 டிகிரி டைமண்ட் வடிவம், 12 விளிம்பு நீளம், 04 தடிமன் (உண்மைல 4.76 மி.மீ.), 08 மூக்கு ரேடியஸ் 0.8. ரெண்டு பக்கமும் சேர்த்து 4 முனை. டபிள்யூஎன்எம்ஜின்னா 6 முனை, விலை ஏறக்குறைய பக்கத்துல பக்கத்துல இருக்கும்போது ரஃபிங்க்கு அது மலிவா வரும், ஆனா விளிம்பு சின்னது, ரொம்ப ஆழம் எடுக்க முடியாது.

நிறமும் எழுத்தும்: நீலம் பி ஸ்டீல், மஞ்சள் எம் ஸ்டெயின்லெஸ், சிவப்பு கே காஸ்ட் அயர்ன், பச்சை என் அலுமினியம் பித்தளை, அப்புறம் இருக்கிறத தேவைப்படும்போது பாருங்க. அந்த எழுத்துக்கு பின்னாடி வர்ற நம்பர் சின்னதா இருந்தா தேய்மானம் தாங்கும், பெருசா இருந்தா அடி தாங்கும். ரெண்டும் ஒண்ணா தர்ற கிரேடு எந்தக் கம்பெனிகிட்டயும் இல்ல, கடைக்காரர் என்ன சொன்னாலும் சரி. புதுசா ஆரம்பிக்கிறவங்க ஸ்டீலுக்கு பி25 மீடியம் சிப் பிரேக்கர்ல ஆரம்பிச்சா தப்பு போகாது. காஸ்ட் அயர்னுக்கு சிப் பிரேக்கரே இல்லாத தட்டையான சிஎன்எம்ஏ நல்லா உழைக்கும், சிப்புதான் தானா பொடியாகுதே. சிவிடி கோட்டிங் தடிமனா இருக்கும், ஸ்டீல் காஸ்ட் அயர்ன் வேகமா ஓட்ட சரி. பிவிடி மெல்லிசு, விளிம்பு கூர்மை, எஸ்எஸ், திரெட்டிங், சின்ன ஜாபுக்கு.

மூக்கு ரேடியஸ்ல ஒரு பொறி. ஃபினிஷ் வரணும்னு எல்லாத்துக்கும் 0.8 போட்டு, ஃபினிஷ் பாஸுக்கு சைடுல 0.1 மி.மீ. மட்டும் விடுவாங்க. 0.8 மூக்குக்கு 0.1 ஆழம்னா வெட்டாது, தேய்க்கும், தேய்ச்சா சூடு, சூடுன்னா ஆயுள் போச்சு. சைடுக்கு 0.3-லிருந்து 0.5 விடுங்க, முடியலன்னா 0.4 மூக்குக்கு மாறுங்க. ஃபினிஷ் கணக்கு இதுதான்: ஃபீடை ஃபீடால பெருக்கி, மூக்கு ரேடியஸை 8-ஆல பெருக்கி அதால வகுங்க. 0.2 ஃபீடு, 0.8 மூக்குன்னா மேடு பள்ளம் 6 மைக்ரான் கிட்ட, அதே 0.4 மூக்குன்னா 12 மைக்ரானுக்கு மேல, ஃபீடை 0.1 ஆக்குனா 0.8 மூக்குல ஒன்றரை மைக்ரான். இது கணக்குப்படி, மெஷின் ஆட்டத்தை நீங்க சேர்த்துக்கணும்.

6. ஆழம், அப்புறம் ஃபீடு, கடைசில ஸ்பீடு

கட்டிங் ஸ்பீடுன்னா 3.14 பெருக்கல் டயா பெருக்கல் ஆர்பிஎம், வகுத்தல் 1000. 40 மி.மீ. டயால 1600 ஆர்பிஎம்னா நிமிஷத்துக்கு 200 மீட்டர் கிட்ட. அதே ஆர்பிஎம்ல 20 மி.மீ. டயாவுக்கு வந்தா 100 மீட்டர்தான். "நான் எப்பவும் 1500-லதான் ஓட்டுவேன்"ங்கிற பேச்சுக்கு அர்த்தமே இல்ல. அதனால டயா மாறுனாலும் கட்டிங் ஸ்பீடை ஒரே மாதிரி வைக்கிற ஜி96 போடுங்க, ஆனா ஜி50-ல அதிகபட்ச ஆர்பிஎம் கட்டாயம் போடுங்க. போடாம ஃபேசிங் பண்ணா மையத்துக்கு போகப் போக ஸ்பிண்டில் உச்சத்துக்கு ஏறும், வேகம் ஏற ஏற சக் பிடி தளரும், கோணல் காஸ்டிங்னா கதவை உடைச்சிட்டு வரும். இது டூல் ஆயுள் விஷயம் இல்ல, ஆள் ஆயுள் விஷயம்.

கேட்டலாக்ல இருக்கிற ஸ்பீடு பெரும்பாலும் ஒரு முனை 15 நிமிஷம் வெட்டுறதுக்கு போட்ட கணக்கு. ஜாப் ஓடுற நேரம் இல்ல, முனை மெட்டல்ல இருக்கிற நேரம். அதைப் படிச்சிட்டு "ஒரு ஷிப்ட்டு வரும்"னு எதிர்பார்த்தா ஏமாறுவீங்க. டப்பால போட்ட ரேஞ்சுல கீழ் எல்லைக்கு பக்கத்துல ஆரம்பிங்க. கோட்டிங் கார்பைடுக்கு இஎன்8-ல 180-200 மீட்டர், எஸ்எஸ் 304-ல 130-150, ஆரம்பிக்க இது போதும்.

இப்ப காசு கணக்கு. ஒரு உதாரணத்துக்கு மெஷின் மணிக்கு 360 ரூபாய்னு வைங்க, நிமிஷத்துக்கு 6 ரூபாய். இன்சர்ட்டு 400 ரூபாய், 4 முனை, ஒரு முனை 100 ரூபாய். ரஃபிங் டூல் ஒரு பீஸுக்கு 36 செகண்ட் வெட்டுது, ஒரு முனைக்கு 50 பீஸ் வருது. பீஸுக்கு முனை செலவு 2 ரூபாய். முனை மாத்தி ஆஃப்செட் பார்க்க 3 நிமிஷம், 18 ரூபாய், பீஸுக்கு 36 பைசா.

ஸ்பீடை 20 சதவீதம் ஏத்துறீங்க. வெட்டுற நேரம் 30 செகண்ட் ஆகும், 6 செகண்ட் மிச்சம், 60 பைசா லாபம். ஆனா கார்பைடுல ஸ்பீடு 20 சதவீதம் ஏறுனா ஆயுள் ஏறக்குறைய பாதியாகும், முனைக்கு 29 பீஸ்தான் வரும். முனை செலவு 3.45, மாத்துற செலவு 62 பைசா. 60 பைசா சம்பாதிச்சு 1.71 செலவு பண்ணிருக்கீங்க.

அதே ஜாபை ரெண்டு பாஸுக்கு பதிலா ஒரே பாஸ்ல எடுக்க மெஷினும் பிடிப்பும் தாங்குதுன்னா வெட்டுற நேரம் பாதியாகும், 18 செகண்ட், பீஸுக்கு 1.80 மிச்சம், ஆழம் கூடுறதால ஆயுள் ரொம்ப கொஞ்சம்தான் குறையும். அடுத்தது ஃபீடு, அது ஆயுளை ஆழத்தைவிட கூட பாதிக்கும், ஸ்பீடு அளவுக்கு இல்ல, ரஃபிங்ல மூக்கு ரேடியஸ்ல பாதி வரைக்கும் போகலாம். 0.8-க்கு 0.4. பட்டறைல நடக்கிறது அப்படியே தலைகீழ், ஆழத்தையும் ஃபீடையும் பயந்து குறைச்சு வச்சுகிட்டு ஓவர்ரைடுல ஸ்பீடை ஏத்துவாங்க. ஃபீடு ரொம்ப குறைஞ்சா சிப்பு உடையாம நூல் நூலா சக் மேல சுத்திக்கும், அதை எடுக்க ஆப்பரேட்டர் மெஷினை நிறுத்துவாரு, கையும் கிழிக்கும். சிப்பு ஆறு, ஒன்பது மாதிரி சுருண்டு விழுந்தா ஃபீடும் சிப் பிரேக்கரும் சரியா இருக்கு. ஸ்டீல்ல சிப்பு நீலமா வந்தா பதறாதீங்க, சூடு சிப்போட வெளிய போகுதுன்னு அர்த்தம்.

ஒரு நேரத்துல ஒண்ணைத்தான் மாத்தணும். மாத்துனா கார்டுல எழுதணும், குறைஞ்சது மூணு முனை ஓட்டிப் பார்க்கணும், ஒரு முனைய வச்சு முடிவு கட்டாதீங்க.

7. கூலண்ட்

தண்ணில ஆயில ஊத்தணும், ஆயில்ல தண்ணிய ஊத்தக்கூடாது, திரிஞ்சிடும். பொதுவா 5-லிருந்து 8 சதவீதம், எஸ்எஸ்னா மேல் பக்கமா வைங்க. ரிஃப்ராக்டோமீட்டர் காட்டுற நம்பரை அப்படியே எடுக்காம ஆயில் டேட்டா ஷீட்ல இருக்கிற ஃபாக்டரால பெருக்கணும், இதை தெரியாம பல பேர் சரியா இருக்குன்னு நினைச்சுட்டு தப்பான செறிவுல ஓட்டுறாங்க. சிறுவாணித் தண்ணி மென்மையானது, பிரச்சனை இல்ல, போர் தண்ணி நம்ம பக்கம் பல இடத்துல உப்பு, அதுல கலந்தா மேல ஆடை மாதிரி படியும், ஃபில்டர் அடைக்கும். ஆர்ஓ தண்ணி கிடைச்சா அதை எடுங்க. தினமும் காலைல லெவல் இறங்கியிருக்கும், வெறும் தண்ணி ஊத்தாம 2-3 சதவீதம் கலந்து ஊத்துங்க. மேல மிதக்கிற ஸ்லைடுவே ஆயிலை வாரத்துக்கு ஒரு தடவையாவது எடுத்துடுங்க, திங்கக்கிழமை காலைல பட்டறை நாறுறதுக்கு அதுதான் காரணம்.

நாசில் முனைய பார்த்து இருக்கணும். ஜாப் மேல அழகா வழியிற கூலண்டால முனைக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல.

8. முனைய எப்ப மாத்துறதுன்னு நீங்க முடிவு பண்ணுங்க, இன்சர்ட்டு முடிவு பண்ணக்கூடாது

சத்தம் மாறட்டும், பிசிறு வரட்டும், அப்புறம் மாத்திக்கலாம்னு இருந்தா ராத்திரி ஷிப்ட்ல மாட்டுவீங்க. மூணு முனை கார்டு இருந்தா எண்ணிக்கை தெரிஞ்சிடும். 50, 54, 47-ன்னு வந்தா 40-ல மாத்துங்க. கன்ட்ரோல்ல டூல் லைஃப் கவுண்ட் பக்கம் இருந்தா அதுல போடுங்க, இல்லன்னா மேக்ரோ வேரியபிள்ல ஒரு கவுண்டர் எழுதி எண்ணிக்கை வந்ததும் அலாரம் அடிக்க வைங்க, அதுவும் இல்லன்னா மெஷின் பக்கத்துல பலகைல கோடு போடச் சொல்லுங்க.

"10 பீஸ் வீணாப் போகுதே"ன்னு மனசு அடிச்சுக்கும். பீஸுக்கு முனை செலவு 2 ரூபாய்லிருந்து 2.50 ஆகுது, அவ்ளோதான். முனை உடைஞ்சு ஒரு சாஃப்ட் ரிஜெக்ட் ஆனா மெட்டீரியலும் ஓட்டுன நேரமும் சேர்த்து ஒண்ணு ரெண்டு முனை காசு போயிடும், ஷிம்மும் ஹோல்டரும் அடி வாங்கினா அது தனி.

பயன்படுத்தின முனைல மார்க்கர்ல புள்ளி வைங்க, வைக்கலன்னா தேஞ்ச முனையையே திரும்ப மாட்டுவாங்க. கரண்ட் போய் மெஷின் வெட்டுல நின்னுடுச்சுன்னா, டூலை அப்படியே இழுக்காதீங்க, எந்தத் திசைல வெளிய வரலாம்னு பார்த்து மெதுவா எடுத்துட்டு லூப்ல பார்த்துட்டு மறுபடி ஓட்டுங்க.

9. வாங்குறதும் பழசை விக்கிறதும்

சாதா டர்னிங் இன்சர்ட்டு ஒண்ணு 250-லிருந்து 500 ரூபாய்க்குள்ள பேசி வாங்கலாம், 10 எண்ணம் ஒரு டப்பா. லிஸ்ட் விலைய பார்த்து மலைக்காதீங்க, டிஸ்கவுண்ட் கேட்டா குறையும். ஜிஎஸ்டி 18 சதவீதம், ரிஜிஸ்டர் பண்ணவங்க பில்லுல நம்பர் சரியா இருக்கான்னு பார்த்து வாங்கிட்டா வரி திரும்ப எடுத்துக்கலாம், மாசம் ஒரு தடவை ஜிஎஸ்டி போர்ட்டல்ல 2பி ஸ்டேட்மெண்ட்ல அந்த பில் வந்திருக்கான்னு பாருங்க. பில் இல்லாம பாதி விலைக்கு தர்ற சீல் உடைஞ்ச டப்பா வேண்டாம், லேபிள் ஒண்ணு உள்ள இருக்கிறது ஒண்ணா இருக்கும். புது கிரேடு பார்க்கணும்னா கம்பெனி ஆளை கூப்பிட்டு உங்க மெஷின்லயே டிரையல் போடச் சொல்லுங்க, பெரும்பாலும் டிரையல் முனைக்கு காசு கேக்க மாட்டாங்க, ஆனா அவரு நிக்கும்போது ஸ்பீடை ஏத்தி காட்டிட்டு போயிடுவாரு, எண்ணிக்கைய உங்க ஆப்பரேட்டர் ஷிப்ட் முழுக்க எடுக்கணும்.

சிஎன்எம்ஜில 4 முனை முடிஞ்சதும் எறியாதீங்க. அந்த 80 டிகிரி முனைகளுக்கு நடுவுல இருக்கிற 100 டிகிரி முனை நாலும் புதுசாவே இருக்கும், அதை பயன்படுத்துறதுக்குன்னே 75 டிகிரி ஹோல்டர் இருக்கு, காஸ்டிங் ரஃபிங்க்கு அருமையா ஓடும். ஒரு ஹோல்டர் காசு சில டப்பாலயே திரும்பிடும்.

எட்டு முனையும் முடிஞ்சப்புறம் ஒரு பிளாஸ்டிக் வாளில சேர்த்து வைங்க. ஒரு சிஎன்எம்ஜி 12 ஏறக்குறைய 10 கிராம், 100 சேர்ந்தா ஒரு கிலோ. கார்பைடு ஸ்கிராப் கிலோ ஆயிரத்துக்கு மேல போகுது, டங்ஸ்டன் விலைய பொறுத்து ஏறும் இறங்கும், அதனால விக்கிற அன்னைக்கு ரெண்டு மூணு பேர்கிட்ட ரேட்டு கேளுங்க. ஷிம்மும் சேர்த்துக்கலாம், அதுவும் கார்பைடு. பிரேஸ் பண்ண டூல், ஸ்க்ரூ எல்லாம் கலந்துட்டா மொத்தத்துக்கும் ரேட்டை குறைச்சிடுவாங்க, காந்தம் வச்சு பிரிக்கலாம்னு நினைக்காதீங்க, கார்பைடுல இருக்கிற கோபால்ட்டும் காந்தத்துல ஒட்டும், கண்ணால பார்த்துதான் பிரிக்கணும். எடை உங்க தராசுல போட்டுட்டு அப்புறம் குடுங்க.